மருந்து என்றால் மருந்து

ஒரு சொல்லின் கீழே ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டால் அது சரியான சொல்லாகிவிடும் என்பது பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் ஒருங்கிணைந்த முழுநல ஆய்வு மையத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. 'மருந்து' என்ற சொல்லுக்கும் ஒன்பது பேர் போட்டார்கள். அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் ஒன்றரைப் பேர். அரை, மொழி வல்லுநர் ராம்நாத். முழுசாகத் தெரிந்தவள் ருக்குமணி ஒருத்திதான். அதனால் இந்த விவகாரத்தில் வெட்கப்படும் பொறுப்பும் முழுசாக அவள் தலையிலேயே விழுந்தது.

ருக்குமணிக்கு நாற்பத்தொன்பது வயது. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்தவள். ஒரு சில்லு கோணலாக வந்தால் கையைத் தூக்குவாள். மொத்த லைனும் நிற்கும். தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்ற தகுதியில் மையத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கப்படாமலும் போகலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

எச்.ஐ.வி., போதைப் பழக்கம், மனநோவு மூன்றும் சேர்ந்து ஒரே ஆளின் தோளில் ஏறி உட்கார்ந்தால் அவர் என்ன ஆவார் என்பதுதான் ஆராய்ச்சி. சுங்கை பினாங் அடுக்குமாடியில் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரு கோப்பை தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள். மையம் அதற்கு மூன்று வருஷமும் அறுபத்து நான்கு கேள்விகளும் எடுத்துக்கொண்டது.

தலைமை ஆய்வாளர் பேராசிரியர் முத்துவீரப்பன். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்து பினாங்கு வீதியில் கடை போட்டவரின் கொள்ளுப்பேரன். தமிழ் அவருக்குத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம்தான் தேவைப்படும். மற்ற நாட்களில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுவார். முதல் கூட்டத்தில் அவர் பேசியதை ருக்குமணி பயபக்தியோடு கேட்டாள்.

"நாம் இந்த மக்களுக்காகப் பேசப்போவதில்லை. அவர்களையே பேச வைக்கப்போகிறோம். அவர்கள் எதைப் பேச வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்வோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ருக்குமணியும் ஆட்டினாள்.

வம்பு பதினேழாவது கேள்வியில் வந்தது. போதைப்பொருள் எடுக்கிறீர்களா, எவ்வளவு அடிக்கடி என்று கேட்க வேண்டும். மலாய்ப் பிரதியில் 'டாடாஹ்' என்று போட்டார்கள். அது போதைச் சரக்குக்கு மட்டுமே உள்ள சொல், நோய்க்குச் சாப்பிடுவதை 'உபாட்' என்பார்கள், குழப்பமே இல்லை. தமிழில் ருக்குமணி 'போதைப்பொருள்' என்று எழுதிக் கொடுத்தாள். அதிலும் குழப்பம் இல்லை. ஆனால் மையம் எந்த மொழிபெயர்ப்பையும் நேரடியாக நம்பாது. தமிழுக்குப் போனதை இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த வேலைக்காகவே கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர் ராம்நாத். பேராசிரியருக்கு அக்காள் மகன். அவர் 'போதைப்பொருள்' என்பதை எழுத்து எழுத்தாகப் பிரித்து, 'மயக்கம் தரும் ஜடப்பொருள்' என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

புண்படுத்தா மொழித் துணைக்குழு ஆடிப்போய்விட்டது. மயக்கம் என்பதும் புண்படுத்துகிறது, ஜடம் என்பதும் புண்படுத்துகிறது, பங்கேற்பாளரை ஒரு பொருளாகப் பார்க்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். மென்மையாக ஒரு சொல் வேண்டும் என்றார் பேராசிரியர். திட்ட அதிகாரி நஜ்வா, 'மென்மை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"சில பேரு மருந்துன்னும் சொல்வாங்க சார்," என்றாள் ருக்குமணி. "ஆனா அது…"

"மருந்து. டிரக்," என்றார் ராம்நாத்.

ஆங்கிலத்தில் டிரக் என்றால் வியாதிக்குச் சாப்பிடுவதும் அதுதான், வீணாய்ப் போவதற்குச் சாப்பிடுவதும் அதுதான். புறப்பட்ட சொல் சொல்லி வைத்தாற்போல அதே இடத்துக்குத் திரும்பி வந்ததில் எல்லாரும் கைதட்டினார்கள். ருக்குமணியின் 'ஆனா' அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் சுற்றி வந்தபோது ஒன்பதாவது கையெழுத்தை அவள் போட்டாள். தப்பு என்று தெரிந்தேதான் போட்டாள்.

மனநலக் கேள்விகளை ராம்நாத் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் தாமே தமிழாக்கினார். அவற்றுக்கும் ஒன்பது கையெழுத்து விழுந்தது.

கார்த்திகேசு பதினேழாவது ஆளாக வந்தான், தமிழர்களில் முதல் ஆள். நாற்பத்து நாலு வயது. ஜெலுத்தோங்கில் டயர் கடையில் வேலை. போதைப் பவுடரை விட்டு ஒன்பது வருஷம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தும் ஒன்பது வருஷம். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் பதில் கோணிவிடும் என்பது மையத்தின் விதி. சுவரில் கேமரா இருந்தது. ருக்குமணி கருங்கல் மாதிரி உட்கார்ந்து வாசித்தாள்.

"கடந்த இரண்டு வாரங்களில் நீலமாக உணர்ந்தீர்களா?"

கார்த்திகேசு கையைத் திருப்பிப் பார்த்தான். "இல்லக்கா. வெயில்ல நின்னு கறுத்துதான் போயிருக்கேன்."

இல்லை என்று குறித்தாள்.

"கீழே இருப்பதாக உணர்கிறீர்களா?"

"நம்ம வீடு பதினாலாவது மாடிக்கா. லிஃப்ட் ரோசாக் ஆயி நின்னுருச்சின்னா மட்டும் கீழயே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

சில நேரங்களில் என்று குறித்தாள்.

"நீங்கள் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா? எவ்வளவு அடிக்கடி?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை எந்தக் கேள்விக்கும் அவன் முகம் அப்படி மலரவில்லை. "தினமும்க்கா. ஒம்பது வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல. எம்மவ ஃபோன்ல அலாரம் வச்சிக் குடுத்திருக்கா. காலையில எட்டு மணிக்கு அடிச்சா, தோசை வாயில இருந்தாக்கூட எந்திரிச்சிப் போட்டுட்டுத்தான் மறுவேலை."

பேனா நின்றது. எந்த மருந்து தம்பி என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்கள் புரிந்துகொண்டபடியே பதில் சொல்லலாம்," என்று வாசித்தாள்.

"அதத்தான சொல்றேன். தினமும்."

தினமும் என்ற கட்டத்தில் அவள் குறியிட்டாள். எங்கே கிடைக்கிறது என்றது அடுத்த கேள்வி. கிளினிக்கில் நர்ஸ் கையாலேயே கொடுக்கிறார்கள் என்றான். நிறுத்த நினைத்ததுண்டா என்றது அதற்கடுத்தது. "நிறுத்தினா செத்துருவேன்க்கா. டாக்டரம்மாவே நிறுத்தக் கூடாதுன்னு கண்டிச்சி சொல்லியிருக்காங்க," என்றான். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். கிளம்பும்போது அவன், "நல்லா சொன்னேனாக்கா?" என்று கேட்டான். விதிப்படி அவள் தலையாட்டவில்லை.

அன்று மாலையே நஜ்வாவிடம் போய் மலாயில் விஷயத்தைச் சொன்னாள். நஜ்வா நல்ல பெண், உடனே புரிந்துகொண்டாள். ஆனால் புரிந்துகொள்வது அவளுடைய பணி வரம்பில் இல்லை. ஆய்வில் ஏதாவது வழி தவறினால் நிரப்பும் 'விலகல் அறிவிப்பு' என்ற படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். மொழி பற்றிய புகாரை அந்த மொழியிலேயே எழுத வேண்டும். அதுவும் குழு ஏற்றுக்கொண்ட சொற்களால் மட்டுமே எழுத வேண்டும். போதைப்பொருள் குழு நிராகரித்த சொல். ருக்குமணி ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டு வரி எழுதினாள். 'மருந்து என்றால் மருந்து. அந்த மருந்து இல்லை.'

அது ராம்நாத்திடம் போனது. 'டிரக் என்றால் டிரக். அந்த டிரக் இல்லை' என்று ஆங்கிலமாகிக் குழுவுக்குப் போனது. ஆறு வாரம் கழித்து முத்திரையோடு பதில் வந்தது. முதல் வாக்கியத்துடன் குழு முழுமையாக உடன்படுகிறது. இரண்டாவது வாக்கியம் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

அதற்குள் இன்னும் நாற்பது பேரிடம் அவள் அந்தக் கேள்வியை வாசித்து முடித்திருந்தாள். அதே வாரம் ஒப்பந்தம் புதுப்பித்த கடிதமும் வந்தது. அவள் நன்றி எழுதிப் போட்டாள். அதற்குப் பிறகு படிவம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அரிசி களையும்போதும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து 'தினமும்' என்று சொன்னது நினைவுக்கு வரும். அப்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். பிறகு இறங்கும் இடம் வந்துவிடும், இறங்கிப் போய்விடுவாள்.

மொத்தம் அறுபத்திரண்டு தமிழர்கள். அறுபது பேர் தினமும் என்றார்கள். இரண்டு பேர் மட்டும், சில நாள் மறந்துபோகும் என்று தலையைச் சொறிந்தார்கள். அந்த இருவரையும் மீட்சிப் பாதையில் இருப்பவர்கள் என்று மையம் தன் அறிக்கையில் பாராட்டியது.

முடிவுகளை வெளியிட கடலோரம் ஒரு ஹோட்டலில் மண்டபம் பிடித்தார்கள். சமூகப் பிரதிநிதியாக மேடையில் உட்கார கார்த்திகேசுவைத் தேர்ந்தெடுத்தார்கள், அவன்தான் விலாவாரியாகப் பதில் சொன்னவன். அவன் அடையாளத்தைக் காப்பாற்றுவதற்காகக் கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கொடுத்து, சட்டையில் 'பி-017' என்று அட்டை குத்தினார்கள். பிறகு அறிவிப்பாளர், "பெயரை வெளியிட முடியாத நம் நண்பர், சுங்கை பினாங்கைச் சேர்ந்த திரு. கார்த்திகேசு," என்று மைக்கில் வரவேற்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். அவன் மகள் சாந்தினி.

மேடை ஏறும் முன் அவன் ருக்குமணியிடம் வந்து சொல்லியிருந்தான். "புக்கிட் மெர்தாஜாம்ல அவ அம்மா வீட்டோட இருந்தாக்கா. அப்பன் பேரக் கேட்டா சொல்ல மாலுவா, வெக்கமா இருக்குன்னு சின்னதுல அழுவுமாம். போன வருஷந்தான் எங்கிட்ட வந்திச்சி. நாலு பெரிய மனுசங்க முன்னாடி என் பேரு நல்லவிதமா வரப்போவுது, வந்து பாரும்மான்னு கூட்டியாந்திருக்கேன்."

ருக்குமணி அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே என்ன காட்டப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். "நல்லா உக்காருங்க தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

பேராசிரியர் எழுந்தார். திரையில் மலாயில் இரண்டு எண்கள் எழும்பின. தினமும் டாடாஹ் எடுப்பவர்கள், மலாய்ப் பிரதியில் நூற்றுக்குப் பதினொன்று; தமிழ்ப் பிரதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மண்டபம் உச்சுக் கொட்டியது.

"இதை நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சமூகமே சொல்கிறது," என்றார் பேராசிரியர். "நானும் அதே சமூகம்தான், ஆனாலும் எனக்கு இது தெரியாமல் இருந்தது. அவ்வளவு தூரம் நாங்கள் நடுநிலையோடு இருந்திருக்கிறோம். தோட்ட வாழ்க்கையின் காயம் நான்கு தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. இதைப் பெருமையோடு சொல்கிறார்கள், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். விநியோகம் செய்வது கிளினிக் தாதியர்கள். ஊக்குவிப்பது மருத்துவர்கள். ஒரு வீட்டில், எழுதும்போது என் கை நடுங்கியது, பெற்ற மகளே அப்பாவுக்கு அலாரம் வைத்துக் கொடுக்கிறாள்."

மூன்றாவது வரிசையில் சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்த்திகேசு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் திரையை ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான். மேடையோரம் மொழிபெயர்க்க மைக்கோடு நின்ற ருக்குமணியைப் பார்த்தான்.

"அக்கா, நான் சொன்னது மருந்துதான. இங்க என்ன டாடாஹ்னு போட்டிருக்கு?"

என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் கேட்டார். ராம்நாத் முன்வரிசையிலிருந்து, "சொல்லைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறார்," என்றார். பேராசிரியருக்குச் சந்தேகம் பிடிக்கும். அதற்கென்றே ஒரு சான்றிதழ் தயாராக வைத்திருந்தார். திரையில் ஒன்பது கையெழுத்தும் ஆள் உயரத்துக்கு எழும்பின. கடைசிக் கையெழுத்து அழகான தமிழில் இருந்தது.

"சொல்லுக்குத் தாய்மொழிச் சான்று தந்தவர் இங்கேயே இருக்கிறார்," என்றார் பேராசிரியர் அன்பாக. "ருக்குமணி, தவறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ஒப்பந்தம் சம்பந்தமான விஷயங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம்."

மைக் அவள் கையில்தான் இருந்தது. வாயைத் திறந்தாள். அடுத்த மாத வீட்டு வாடகையும் வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த எட்டு மாதமும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள். இருநூறு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

கார்த்திகேசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லாக்கப்பிலும் மீட்பு மையத்திலும் வருஷக்கணக்கில் மனிதர்களின் முகத்தை மட்டுமே படித்தவன் அவன். கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினான்.

"தப்பு இல்லை ஐயா," என்றான் மலாயில். "டாடாஹ்தான். தினமும் எடுக்கிறேன்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு துணிச்சல் என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் அவளிடம் தணிந்த குரலில் சொன்னான். "விடுங்கக்கா. இந்தக் கெட்ட பேரு எனக்குப் பழசு. உங்களுக்குப் புதுசு, தாங்க மாட்டீங்க."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, ருக்குமணிக்கு அப்படி இருந்தது. ஹோட்டல் தரையில் நல்ல கனமான கம்பளம் போட்டிருந்தார்கள், அது பிளக்கவில்லை. ஒரு மனிதன் ஒன்பது வருஷம் ஒவ்வொரு நாளாகச் சேர்த்த நல்ல பெயரை, அவள் வாயடைத்து நின்ற நேரத்தில் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். அவளும் அதைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது சாந்தினி இருக்கையில் இல்லை. ருக்குமணி வெளியே ஓடினாள். வாசலில் கார்கள் வந்து நிற்கும் இடத்தில் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றிருந்தாள்.

"சாந்தினி, அப்பா சொன்னது பொய்ம்மா. அவரு எதையும் தொடல. அந்தச் சொல்லு சாலா, தப்பு. நான்தான் குடுத்தேன். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"எனக்குத் தெரியும் ஆண்ட்டி," என்றாள் சாந்தினி. "அலாரம் வைக்கிறவ நான்தான. பாட்டில்ல எத்தன மாத்திரை மிச்சம் இருக்குன்னுகூடத் தெரியும்."

ருக்குமணிக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று இருந்தது. அதற்குள் அந்தப் பெண் கோபமே இல்லாத குரலில் மேலே சொன்னாள்.

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? தெரியாதவங்கல்லாம் உள்ளதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

ருக்குமணி உள்ளே போனாள். ஆண்டறிக்கைக்குக் குழுப் படம் எடுக்க மேடையில் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். நஜ்வா அவளை இழுத்து நடுவில் நிறுத்தினாள். ஒரு பக்கம் பேராசிரியர், மறுபக்கம் முகக்கவசத்தோடு கார்த்திகேசு. கீழே இருநூறு பேரும் தட்டும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். படக்காரர் சிரிக்கச் சொன்னார்.

"அது டாடாஹ் இல்லை," என்றாள் ருக்குமணி மலாயில். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி உரக்கச் சொன்னாள். "அது டாடாஹ் இல்லை. எச்.ஐ.வி. மாத்திரை. இந்த ஆள் ஒன்பது வருஷமாக டாடாஹ் தொடவில்லை. அறுபது பேரும் மாத்திரையைத்தான் சொன்னார்கள். அந்தச் சொல் தப்பென்று தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டேன்."

"சத்து, டுவா, தீகா," என்று எண்ணி முடித்தார் படக்காரர். வெளிச்சம் அடித்தது.

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. பேராசிரியர் சிரித்த முகம் மாறாமல், "எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வைப்போம்," என்றார். முன்வரிசை விருந்தினர் ஒருவர் கோழி வறுவல் ஆறிவிடும் என்று நினைவூட்டினார். கரண்டிச் சத்தம் மறுபடி கிளம்பியது.

சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. அவன் பொய் சொல்லி முக்கால் மணி நேரம் கழித்து வந்த உண்மை அது. கார்த்திகேசு கண்ணாடியையும் கவசத்தையும் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, "மவ நிக்கிறாக்கா," என்று படியிறங்கினான். அவளும் அவன் பின்னால் இறங்கினாள்.

படக்காரர் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒருத்தர் வாய் திறந்திருக்கிறது, இன்னொன்று எடுத்துவிடலாம் என்றார். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு மையம் செய்த ஒரே திருத்தம் அதுதான்.

ஆண்டறிக்கையில் வந்திருப்பது அந்த இரண்டாவது படம். அதில் எல்லாருடைய வாயும் ஒழுங்காக மூடியிருக்கிறது.